ஸ்டோர் சூட்டில் ஆறு பேட்டரிகள்

வண்டி பதினோரு அடி ஓடி நின்றுபோனது. ஒச்சம்மாள் இறங்கி, பாதத்துக்கு முன்னால் பாதம் வைத்து அளந்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். காலையில் ஒன்பது அடி ஓடியிருந்தது.

“ரெண்டடி கூடியிருக்கு மேடம். இப்படியே போனா தீவாளிக்குள்ள கேட்டுகிட்ட போயிரலாம்.”

யோகப்பிரியா சிரிக்கவில்லை. ஒச்சம்மாள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே அவள் அலுவலக அறையை விட்டு வெளியே வந்து நிற்கிற நாட்கள் உண்டு. ஆனால் இன்று திங்கட்கிழமை. மழைக்காக ஜூன் முதல் தேதி சாத்திய கேட்டை வருகிற சனிக்கிழமை திறக்க வேண்டும். பூஜை விடுமுறை என்பதால் முதல் நாளே பதினோரு குடும்பங்கள் வருவதாகச் சொல்லியிருந்தன.

ஆனைக்கரைக்கு மேலே சரிவில் இருந்த அந்த ஏலத்தோட்டத்தில் முக்கால்வாசி வியாபாரத்துக்கு, ஒரு மூலை வேடிக்கைக்கு. வெளியூர்க்காரர்கள் சீட்டு வாங்கி உள்ளே வந்து, ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை, செடியின் தூரில் தரையோடு தரையாகச் சரம்விட்டுக் காய்க்கிறது என்று கண்டு ஆச்சரியப்பட்டு, மிளகுக் கொடியோடு நின்று படம் எடுத்து, மேட்டு உச்சியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஆறு பேர் உட்காரும் பேட்டரி வண்டி. எங்கோ ஒரு கோல்ஃப் மைதானத்தில் பந்தடிக்கிறவர்களைச் சுமந்துகொண்டிருந்ததை முதலாளி பூபதிராஜா வாங்கி வந்தார். சமதளப் புல்லில் ஓடிப் பழகிய வண்டி. அதற்கு மலையேறக் கற்றுக்கொடுத்தது ஒச்சம்மாள்தான்.

ஒச்சம்மாள் இருபத்தாறு வருடம் ஏலச்செடிகளின் அடியில் குத்தவைத்துக் காய் எடுத்தவள். முட்டி இரண்டும் தேய்ந்து, இனி முடியாது என்று ஊருக்குக் கிளம்ப இருந்த வாரத்தில், வேலைக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர் யோகப்பிரியா, “நீங்க இத ஓட்டிப் பாக்கறீங்களாக்கா?” என்று கேட்டாள். சைக்கிள்கூட மிதிக்காத ஒச்சம்மாள் பதினெட்டாம் நாள் உச்சிக்கு ஓட்டிப்போய்த் திரும்பினாள். அதற்கப்புறம் ஓட்டுநர் இருக்கைக்கு நீலத் துணியில் உறை தைத்துப் போட்டாள். அந்த உறையை வாரம் ஒரு முறை துவைத்தாள். தன் வீட்டுத் தலையணை உறையைக்கூட அவள் அப்படித் துவைத்ததில்லை என்று ஸ்டோர் பொறுப்பாளன் அருண்பாண்டி கேலி செய்வான். அவன் அண்ணன் மனைவி அவள். அதனால் அவனுக்குக் கேலி செய்ய உரிமை இருந்தது.

மதியம் முதலாளி போடியிலிருந்து கூப்பிட்டார்.

“என்னம்மா, வண்டி கெளம்புச்சா?”

“பாத்துட்டு இருக்கோமுங்க.”

“நாலு மாசம் பேட்டரியக் கழட்டி எப்படிப் போட்டு வச்சிருந்துச்சோ அந்த ஒச்சம்மா. அதச் சொல்லி என்ன, அதுக்கு என்ன தெரியும். வெள்ளிக்கிழம நான் வாரேன். ஓடுனா ஓடட்டும். இல்லாட்டி ஷைஜு ஜீப்ப மாசத்துக்குப் பேசிருவோம். ஒச்சம்மா பழையபடி காய் எடுக்கப் போகட்டும்.”

“சரிங்க,” என்றாள் யோகப்பிரியா.

போனை வைத்த பிறகுதான் அந்தச் ‘சரிங்க’ எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்குப் பட்டது. அவள் ஊர் எருத்தேன்பதியில் எதற்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். மரியாதை என்று பெயர். சில சமயம் அதற்குள் ஒரு ஆள் முழுசாக ஒளிந்துகொள்ளலாம்.

ஏனென்றால் பேட்டரிகளை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னது அவள்தான்.

ஜூன் மாதம் வண்டிக் கொட்டகை ஒழுகியது. பேட்டரிகளைக் கழற்றி ‘குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில்’ வைக்கும்படி வண்டியோடு வந்த புத்தகம் சொன்னது. குளிர்ச்சிக்கு ஆனைக்கரையில் பஞ்சமில்லை. சுவரிலிருந்து, படுக்கையிலிருந்து, உப்பு ஜாடியிலிருந்து குளிர்ச்சி வரும். ஈரமில்லாத இடம்தான் அபூர்வம். மழைக்காலத்தில் அங்கே அப்படி ஒரே ஓர் இடம் உண்டு. ஏலக்காய் உலர்த்துகிற கட்டடம். ஊரில் அதை ஸ்டோர் என்பார்கள். காயாத பள்ளிச் சீருடை, பூசணம் பிடிக்கப் பார்க்கிற கல்யாணப் பட்டு, நிலப் பத்திரம், பிறந்த குழந்தையின் துணி, எல்லாம் ஸ்டோருக்குத்தான் போகும். வெயிலில் வளர்ந்த யோகப்பிரியா இங்கே வந்து முதல் மழையிலேயே அந்தப் பழக்கத்துக்கு மாறியிருந்தாள். தன் டிகிரி சான்றிதழ்களையே அங்கே ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள்.

“ஸ்டோர்ல வெச்சிருங்கக்கா. பத்திரமா இருக்கும்.”

ஒச்சம்மாளும் அருண்பாண்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆறையும் தூக்கிக்கொண்டு போய், காய் பரப்புகிற தட்டுகளுக்குப் பின்னால் சுவரோரமாக அடுக்கினார்கள். அப்போது அறுவடை தொடங்கியிருக்கவில்லை. அறை சும்மா கிடந்தது. ஜூலைக் கடைசியில் காய் வரத் தொடங்கி, அடுப்பு மூட்டி, அறையின் நடுவே ஓடுகிற இரும்புக் குழாய் பழுக்கக் காய்ந்து, இரவும் பகலும் ஐம்பது டிகிரி. பேட்டரிகள் அந்தக் குழாயிலிருந்து நான்கடி தள்ளி இருந்தன. அது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் ஒச்சம்மாள் வந்து, “மேடம், மாசத்துக்கு ஒருக்கா கரண்டு குடுக்கணும்னு வண்டி கொண்டாந்தவக சொன்னாகளே,” என்றாள். எடை போட்டுக்கொண்டிருந்த யோகப்பிரியா தலை நிமிராமல், “ஸ்டோர்லதான இருக்குது, ஒண்ணும் ஆகாதுங்க,” என்றாள்.

அந்த வாக்கியம் இப்போது அவளுக்குச் சொல் பிசகாமல் ஞாபகம் வந்தது.

*

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஜெஸ்னாவை வீடியோவில் அழைத்தாள். எருத்தேன்பதிப் பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது கொழிஞ்சாம்பாறையில் வாப்பா மொய்தீனின் பேட்டரிக் கடையை நடத்துகிறாள். டிராக்டர், இன்வெர்ட்டர், ஈ-ஆட்டோ என்று அந்தப் பக்கத்தில் எது சோர்ந்து நின்றாலும் அவளிடம்தான் வரும்.

“போனை யாராச்சும் புடிங்க. நீ ரெண்டு கைக்கும் ரப்பர் கிளவுசு போடு, கண்ணாடி போடு,” என்றாள் ஜெஸ்னா. “வளையலக் கழட்டு. பேட்டரி மேல வளையல் குறுக்க விழுந்துச்சுன்னா கையோட பத்திக்கும்.”

ஒச்சம்மாள் போனைப் பிடித்தாள். பீடியோடு எட்டிப் பார்த்த அருண்பாண்டியை ஜெஸ்னா திரைக்குள்ளிருந்தே விரட்டினாள். “அந்த அண்ணன் பீடியக் குடிச்சு முடிச்சிட்டு வரட்டும். பேட்டரியிலிருந்து வர்ற வாயுவும் பீடியும் சேந்தா அண்ணனப் பொறுக்கியெடுக்க நாலு பேர் வேணும்.”

யோகப்பிரியா மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு பேட்டரியாக வைத்து எண்ணைப் படித்தாள். ஒவ்வொன்றும் எட்டு வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டியவை. ஐந்து பேட்டரிகள் ஏழரைக்குச் சற்றுக் கீழே தள்ளாடின. ஐந்தாம் எண் எழுதியிருந்தது ஐந்தே முக்காலில் கிடந்தது.

“அதேன் மேடம், ஒருத்திதான் படுத்திருக்கா. மத்தவ அஞ்சு பேரும் எந்திரிச்சு உக்காந்திருக்காளே, வண்டி போக வேண்டியதுதானே?” என்றாள் ஒச்சம்மாள்.

“அப்படி இல்லீங்கக்கா,” என்றாள் ஜெஸ்னா. “ஆறும் ஒண்ணு பின்னால ஒண்ணு கையப் புடிச்சு நிக்குது. ஒருத்தி சுருண்டுட்டா பின்னால வர்றவளுக்கு வழியில்ல.”

“நெர புடிச்சுக் காய் எடுக்கையில ஒருத்தி உக்காந்துட்டா பின்னாடி இருக்கவ பூராம் நிக்கிறாப்புல.”

“அதே. நான் கடையில இத இத்தன வருசமா சொல்லத் தெரியாம சொல்லிட்டு இருக்கறேன்.”

மூடிகளைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துக் காட்டச் சொன்னாள் ஜெஸ்னா. காட்டினார்கள். திரையில் அவள் முகம் பெரிதாகி நெருங்கி வந்தது.

“இதென்ன புள்ள, சித்திரை மாசத்துக் கெணறாட்டம் கெடக்குது. தகடெல்லாம் வெளிய தெரியுது.” பிறகு கேட்டாள். “தண்ணி எப்ப வத்துச்சு?”

“எப்பன்னா?”

“ஓட்டிட்டு இருக்கறப்பவே தண்ணி பாக்காம விட்டு, தகடு தெரியத் தெரிய ஓட்டியிருந்தா தகடு வெந்திருக்கும். ஆறையும் எடைக்குப் போட்டுரலாம், என்ற நேரத்தயும் வீணாக்க வேண்டாம். எடுத்து வெச்ச எடத்துல வத்தியிருந்தா அது வேற கதை, காப்பாத்திப் பாக்கலாம். எதுன்னு சொல்லு.”

ஒச்சம்மாள் போனைப் பிடித்தபடியே, “ஓட்டுன வரைக்கும் வாரத்துக்கு ஒருக்கா மூடியத் தொறந்து பாத்திருக்கேன். கொறஞ்சா கடையில விக்கிற பேட்டரித் தண்ணிதான் ஊத்துனேன்,” என்றாள். அவள் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டி வந்ததில் அவளுக்கு ஏதோ அவமானம் இருந்தது.

“எங்க வெச்சிருந்தீங்க, யோகா?”

“உள்ளதான்.”

“உள்ளன்னா எங்கடி? பீரோவுக்குள்ளயா?”

“ஸ்டோர்ல.”

“ஸ்டோருன்னா?”

“ஏலக்காய் காய வெக்கற ரூமுல. அம்பது டிகிரி இருக்கும்.”

திரையில் ஒன்றும் அசையவில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று ஒச்சம்மாள் போனைத் தட்டினாள். பிறகு ஜெஸ்னா சிரிக்கத் தொடங்கினாள். கடைக்குள் யாரோ என்ன என்று கேட்பதும், “வாப்பா, பேட்டரியக் கருவாடாட்டம் காயப் போட்டிருக்காங்க,” என்று அவள் சொல்வதும் கேட்டது.

“யாருடி அந்த அறிவாளி?”

“வெச்சிட்டாங்க,” என்றாள் யோகப்பிரியா.

ஒச்சம்மாள் போனை இறக்கவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. தூரத்தில் மிளகுக் கொடியில் ஏதோ இருப்பதுபோல் அங்கே பார்த்தாள்.

“ஒம்பதாங்கிளாஸுல லேபுல நீ பீக்கர ஒடச்சப்ப இதே மொகத்தத்தான் வெச்சிருந்தே,” என்றாள் ஜெஸ்னா, இன்னும் சிரித்துக்கொண்டே. “ஒடஞ்சு கெடக்குதுங்க டீச்சர்னு. பக்கத்துல நின்ன நான் ரெண்டு நாள் லேபுக்கு வெளிய நின்னேன்.”

“அத இன்னும் வெச்சிருக்கியா நீ?”

“குளிர்ச்சியான, ஈரமில்லாத எடத்துல வெச்சிருக்கறேன். கெடாம இருக்குது. சரி விடு, வேலையப் பாப்போம். சூட்டுல வத்துனதுன்னா இன்னும் உசுரு இருக்கும்.”

*

வேலை மூன்று நாள் ஆனது. யோகப்பிரியா அந்த மூன்று நாளும் ஒரு மாதிரியான சந்தோஷத்தோடு இருந்தாள். அதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. கையால் செய்கிற வேலை, யோசிக்க விடாத வேலை. நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றி, முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்த உப்பை ஆப்ப சோடாத் தண்ணீர் விட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார்கள். அது நுரைத்துப் பொங்கியது. ஒச்சம்மாள், “ஆப்பத்துக்குத்தான் பொங்கும்னு நெனச்சேன்,” என்றாள்.

தண்ணீர் ஊற்றும்போது சண்டை வந்தது. ஒச்சம்மாளுக்கு நிறைய ஊற்ற வேண்டும். நாலு மாதத் தாகம். அதுவும் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள், அதைவிடச் சுத்தம் உண்டா. ஜெஸ்னா போனிலேயே மறித்தாள். கூரையில் விழுந்து வந்தது வேண்டாம், கடையில் விற்கிற பேட்டரித் தண்ணீர்தான். அதுவும் இப்போது தகடு மறையும் அளவுக்கு மட்டும். சார்ஜ் ஏறும்போது தண்ணீர் தானாக மேலே வரும். நிரம்ப ஊற்றினால் பொங்கி வழிந்து அமிலம் போய்விடும். ஏறி முடிந்த பிறகு குறி வரைக்கும் ஊற்றலாம்.

“பட்டினி கெடந்தவளுக்கு மொதல்ல கஞ்சித்தண்ணி. அப்பறந்தான் சோறு,” என்று ஒச்சம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சீசாவை மூடினாள்.

வண்டியோடு வந்த சார்ஜர் அவர்களை மதிக்கவே இல்லை. செருகினால் ஒரு சிவப்பு விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்தது. ஆறும் சேர்ந்தே இவ்வளவு இறங்கிக் கிடந்தால் அங்கே பேட்டரி இருப்பதாகவே அதற்குத் தெரியாது என்றாள் ஜெஸ்னா. ஆனைக்கரைக் கடைவீதி இன்வெர்ட்டர் கடையில், எத்தனை வோல்ட் என்று திருகி வைக்கிற சார்ஜர் ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கி வந்து, ஒவ்வொரு பேட்டரியாக, கொட்டகையின் இரண்டு பக்கமும் காற்றோட விட்டு, மெதுவாக ஏற்றினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு. ஒவ்வொன்றும் முணுமுணுத்து, குமிழிவிட்டு, எட்டைத் தாண்டியது. தாண்டும்போதெல்லாம் ஒச்சம்மாள் அதன் மூடியைச் செல்லமாகத் தட்டினாள்.

ஐந்தாவது மட்டும் எழவில்லை. அதன் உள்ளறை ஒன்றில் குமிழியே வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், ஆறாவது பேட்டரி ஏறிக்கொண்டிருந்தபோது, யோகப்பிரியா பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

“அக்கா, ஸ்டோர்ல வெக்கச் சொன்னது நானு. நேத்து போனுல ஜெஸ்னாகிட்ட நான் சொன்னது...”

“சாக்கு போட்டு மூடுனது நானு,” என்றாள் ஒச்சம்மாள்.

“என்னது?”

“வாரத்துக்கு ஒருக்கா உள்ள போயி பாப்பேன்ல. ஓட்டாததுக்குத் தண்ணி எதுக்குன்னு மூடியத் தொறக்கல. தொட்டுப் பாத்தா கதகதன்னு இருக்கும். வெளிய அடமழ. எங்க லயத்து வீட்டுல போர்வ கூட நசநசன்னு கெடக்கு. எனக்குப் பொறாமையாக்கூட இருந்துச்சு மேடம். நல்லா இருங்கடின்னு சொல்லி ரெண்டு சாக்க மேல போத்திவிட்டு வந்தேன்.”

யோகப்பிரியா சிரித்துவிட்டாள். ஒச்சம்மாளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் ஒச்சம்மாள் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“மொதலாளிகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட வேணாம். எனக்கு நாலு திட்டு வாங்குனா பழகிப்போச்சு. நீங்க வெளியூரு. வந்து ரெண்டு வருசந்தான் ஆகுது.”

அந்த ஆறு பேட்டரிகளையும்விட அந்த வார்த்தை கனமாக இருந்தது. குற்றத்தை மறைப்பதற்கு அவள் யாரிடமும் உதவி கேட்கவில்லை. உதவி தானாக வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. பதினாலு வயதில் ஜெஸ்னா லேபுக்கு வெளியே நின்றதும் இப்படித்தான். ஒன்றும் சொல்லாமல், தோளைக் குலுக்கிவிட்டு. அப்போது யோகப்பிரியாவுக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே அந்த நிம்மதி பிடிக்காமலும் இருந்தது. இந்த இரண்டாவதை அவள் இத்தனை வருடம் யாருக்கும் காட்டாமல் நன்றாகவே பாதுகாத்து வந்திருக்கிறாள் என்று இப்போது தோன்றியது.

ஐந்தாவதற்கு மாற்று கிடைத்தது ஜெஸ்னாவால்தான். பழைய ஐந்தோடு புத்தம் புதிய ஒன்றைச் சேர்த்தால் புதியதும் சீக்கிரம் சோர்ந்துவிடும், அதே வயதில் ஒன்று வேண்டும் என்று நான்கு இடத்துக்குப் போன் செய்து, குமுளியில் ஒரு விடுதியில் கழற்றிப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். அதை யார் எடுத்து வருவது என்ற கேள்வி வந்தபோது கொட்டகையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஷைஜுவை எல்லோரும் பார்த்தார்கள். ஜீப் அவனிடம்தான் இருந்தது.

“அது கொள்ளாம், நல்லாருக்கு,” என்றான் ஷைஜு. “பேட்டரி வண்டி ஓடலன்னா எனிக்கு வேலை. அது ஓடுறதுக்கு நான் போயி பேட்டரி எடுக்கணும். ஒச்சம்மா சேச்சி, இது ஞாயமா?”

“உன் ஜீப்புல ஏறுனா பாதி பேரு வாந்தி எடுக்குறாகடா. கழுவுறது நீதானே. ஒனக்கு நல்லது பண்றேன், போ.”

ஷைஜு யோசித்துப் பார்த்தான். போன கோடையை நினைத்திருக்க வேண்டும். வியாழக்கிழமை மதியத்துக்குள் பேட்டரி வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறையும் கோத்து, கம்பிகளை முறுக்கி, சார்ஜரைச் செருகினார்கள். சிவப்பு விளக்கு சிமிட்டி, கொஞ்சம் யோசித்து, எரிந்தபடியே நின்றது. அருண்பாண்டி பீடியைக் காதில் செருகிக்கொண்டு, “மதினி, இப்ப நான் சிரிக்கலாமா, இல்ல அதுக்கும் பத்திக்கிருமா?” என்று கேட்டான்.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பூபதிராஜா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் இருக்கிற ஏலக்காய் ஒன்று. பேசும்போது அதை விரல்களுக்கிடையே உருட்டுவார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு முன் இருக்கையில் ஏறினார். யோகப்பிரியா பின்னால் உட்கார்ந்தாள்.

“உச்சி வரைக்கும் போ,” என்றார்.

ஒச்சம்மாள் நீல உறையைத் தட்டிச் சரிசெய்து உட்கார்ந்தாள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. பதினோரு அடியைக் கடந்தபோது அவள் தலை லேசாகக் குனிந்து தரையைப் பார்த்ததை யோகப்பிரியா கவனித்தாள். ஸ்டோரைத் தாண்டி, மிளகுக் கொடிகளைத் தாண்டி, செங்குத்தான வளைவுக்கு வந்தது. வண்டி முனகியது. வேகம் குறைந்தது. யோகப்பிரியா தன்னையறியாமல் முன்பக்கமாகச் சாய்ந்தாள், தன் உடம்பு எடையாவது உதவட்டும் என்பதுபோல். ஒச்சம்மாள் மிதியை அழுத்தாமல், விடாமல், வலியுள்ள ஒருவரைப் படியேற்றுகிறமாதிரிப் பொறுமையாக ஏற்றினாள். வளைவு திரும்பியது. உச்சி வந்தது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைப் பந்தலும் தென்னையுமாக வெயிலில் கிடந்தது.

பூபதிராஜா இறங்கி நின்று பார்த்தார். திருப்திதான், ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டார்.

“பரவால்ல. மேனேஜரம்மா மெனக்கெட்டு சரி பண்ணிருச்சு,” என்றார். பிறகு ஒச்சம்மாள் பக்கம் திரும்பினார். “இந்தா பாரு ஒச்சம்மா, இந்தத் தடவ தப்பிச்ச. சீட்டு ஒறய மட்டும் தொவச்சாப் போதாது. அடியில என்ன இருக்குன்னு பாக்கணும். அடுத்த வருசமும் இப்படின்னா நான் யோசிக்க மாட்டேன்.”

“சரிங்க மொதலாளி,” என்றாள் ஒச்சம்மாள்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. வண்டி ஓடுகிறது, இருக்கை ஒச்சம்மாளுடையது, நாளைக்குப் பதினோரு குடும்பம். இனி யாரும் யாரையும் எதுவும் கேட்கப்போவதில்லை. இந்தச் சுலபம்தான் யோகப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருடம் என்ன கோளாறு வந்தாலும் முதலாளி இதை நினைவு வைத்திருப்பார். ஒச்சம்மாளுடைய இருக்கைக்கு அடியில் இவள் சொல்லாமல் விட்டது கிடந்துகொண்டே இருக்கும்.

“வண்டி ஓடிட்டு இருந்தப்ப அவங்க வாரா வாரம் தண்ணி பாத்தாங்க,” என்றாள். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. “கெட்டது அதுல இல்லீங்க. ஸ்டோர்ல வெக்கச் சொன்னது நானுங்க. நடுவுல சார்ஜ் பண்ணோணும்னு அக்கா வந்து சொன்னாங்க, வேண்டாம்னு சொன்னதும் நாந்தானுங்க. திங்கக்கெழம போனுல நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கோணும்.”

ஒச்சம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.

பூபதிராஜா மெல்லுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, குழப்பம்.

“ஸ்டோர்லயா வச்சீக?”

“ஆமாங்க.”

“ஸ்டோர்ல வச்சா என்னம்மா? நல்ல எடந்தானே. எங்கப்பா பத்திரமெல்லாம் அங்கதான் வப்பாரு. நான் பெறந்தப்ப என்னையவே தொட்டியோட அங்கதான் போட்டிருந்தாகளாம்.”

தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவள், அது குற்றம்தான் என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது. சூடு பட்டால் தண்ணீர் வற்றும், வைத்த இடத்திலேயே சார்ஜ் இறங்கும், குளிர்ச்சியில்தான் அது நன்றாகத் தூங்கும், மாதம் ஒரு முறை எழுப்பிச் சோறு போட வேண்டும் என்று அவள் விளக்கினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“அப்ப நான் கேட்டிருந்தாலும் ஸ்டோர்லதான் வக்கச் சொல்லியிருப்பேன்,” என்றார் கடைசியில். ஒச்சம்மாளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “தண்ணி பாத்தியா நீ?”

“வாரா வாரம் மொதலாளி.”

“சொல்ல வேண்டியதுதானே.”

“நீங்க கேக்கல.”

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, மடியில் கை வைத்துக்கொண்டு, “சரி, அடுத்த ஜூனுக்கு எங்க வக்கிறது?” என்று கேட்டார். அது ஒச்சம்மாளைப் பார்த்துக் கேட்டது. அதை அவளும் கவனித்தாள். இறங்குகிற வழியில் முதல் வளைவு முடியும்வரை பதில் சொல்லாமல் அதை வைத்து ரசித்தாள்.

“குளுகுளுன்னு இருக்கணும், ஒழுகக் கூடாது, சன்னல் இருக்கணும், பக்கத்துல கரண்டு பிளக்கு இருக்கணும். அப்படி ஒரு எடந்தான் இருக்கு மொதலாளி. மேடம் ஆபீஸ் ரூம்பு.”

“அப்ப மேனேஜரம்மா எங்க உக்காரும்?”

“ஸ்டோர்ல உக்காரட்டும். கதகதன்னு இருக்கும். வேணும்னா ரெண்டு சாக்கு போத்தி விடுறேன்.”

பூபதிராஜா சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது. யோகப்பிரியாவும் சிரித்தாள். இந்த முறை சிரிப்புக்கு அடியில் தேடினாலும் எதுவும் தட்டுப்படவில்லை.

கீழே இறங்கியதும் அவள் ஜெஸ்னாவுக்கு ஒரு வரி அனுப்பினாள்: சொல்லிட்டேன். பதில் உடனே வந்தது: பீக்கரையும் ஒரு நாள் போயி சொல்லிரு, டீச்சர் சித்தூர்ல மக ஊட்லதான் இருக்காங்க.

அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். கொட்டகையில் ஒச்சம்மாள் சார்ஜரைச் செருகிவிட்டு, சிவப்பு விளக்கு நிற்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்றதும் கையில் ஒரு அளவு நாடாவோடு நேராக ஆபீஸ் அறைக்கு வந்து, சன்னலுக்குக் கீழே தரையை அளக்கத் தொடங்கினாள்.

“காலக் கொஞ்சம் தூக்குங்க மேடம்,” என்றாள். “ஆறும் உக்காரணும்ல.”